ஆறு நொடி செல்ஃப்

கேள்வி: என்னுடையது ஒன்பது வருடப் பெட்ரோல் கார். 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் முதல் தடவை சாவியைத் திருப்பினால் ஐந்தாறு நொடி செல்ஃப் சுற்றிய பிறகுதான் வண்டி எடுக்கிறது. எடுத்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. பிக்கப், மைலேஜ் எல்லாம் பழையபடியே. கடைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பினால் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. மூன்று மணி நேரம் நின்றால் மறுபடி அதே கதை. புது பேட்டரி போட்டாயிற்று, நான்கு ப்ளக்கும் மாற்றியாயிற்று. இப்போது செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். ஆறு நொடி சளைக்காமல் சுற்றுகிற செல்ஃப் மோட்டாரைப் பிடித்துக் குற்றம் சொல்வது, கதவைத் தட்டியவனையே ‘ஏன் கதவு திறக்கவில்லை’ என்று கேட்டு அடிப்பது மாதிரி. எஞ்சினைச் சுற்றிவிடுவது மட்டும்தான் அதன் வேலை. அந்தச் சுற்றில் பற்றிக்கொள்வது எஞ்சினின் பாடு.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் புரியும். செல்ஃப் சுற்றும்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு 0.3 நொடி. கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் எந்த பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல இரண்டு சுற்று போதும். ஆக, நல்ல நிலையில் உள்ள வண்டி ஒரு நொடி, மிஞ்சினால் ஒன்றரை நொடியில் எடுத்துவிட வேண்டும். ஆறு நொடி என்றால் எஞ்சின் இருபது சுற்று வெறுமனே சுற்றியிருக்கிறது. அந்த இருபது சுற்றும் எதற்காகக் காத்திருந்தது என்பதுதான் கேள்வி.

பேட்டரியில் கோளாறு என்றால் சத்தமே சொல்லிவிடும். செல்ஃப் இழுத்து இழுத்து, மூச்சு வாங்கிச் சுற்றும். டேஷ்போர்டு விளக்குகள் மங்கும். சந்தேகம் தீர மீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்க்கலாம். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகாவிட்டால் அதன்மீது பழி இல்லை. ஒன்பது வருட வண்டிக்குப் பேட்டரியும் ப்ளக்கும் மாற்றியதில் நஷ்டம் ஒன்றுமில்லை, எப்படியும் மாற்ற வேண்டியவைதான். ஆனால் அது சர்வீஸ். கோளாறு கண்டுபிடிப்பது வேறு வேலை.

உண்மையில் வாசகரின் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஐந்து நிமிடம் நின்றால் பிரச்சினை இல்லை, மூன்று மணி நேரம் நின்றால் பிரச்சினை. ப்ளக் மூன்று மணி நேரத்தில் தேயாது. அப்படியானால் நிற்கும் நேரத்தில் ஏதோ ஒன்று மெல்ல வடிந்துபோகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது பெட்ரோல் பிரஷர்.

டேங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப், பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில், சில வண்டிகளில் 4 பார் வரை, எஞ்சின்மேல் இருக்கும் இன்ஜெக்டர் ரெயிலுக்குத் தள்ளுகிறது. பம்பின் வாயில் ஒரு சின்ன ஒருவழி வால்வு உண்டு. கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஃபுட்வால்வு கசிந்தால் குழாயில் ஏறிய தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். மறுநாள் மோட்டார் போட்டால் தண்ணீர் வர நேரமாகும். இங்கேயும் அதேதான். வால்வு கெட்டிருந்தால் வண்டியை நிறுத்திய பின் லைனில் நிற்க வேண்டிய அழுத்தம் டேங்குக்கே திரும்பிவிடும். ஐந்து நிமிடத்தில் முழுக்க வடியாது, மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடும். அடுத்த முறை செல்ஃப் சுற்றுகிற ஐந்தாறு நொடியும் பம்ப் மறுபடி அழுத்தம் ஏற்றுகிற நேரம்.

இதை வீட்டு வாசலிலேயே, ஸ்பேனர் தொடாமல் சோதிக்கலாம். காலையில் ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்ப வேண்டும். செல்ஃப் அடிக்கக் கூடாது. பின்சீட்டுக்கு அடியிலிருந்து ‘ங்ங்ம்’ என்று ஒரு முனகல் இரண்டு நொடி கேட்டு நிற்கும். அதுதான் பம்ப். சாவியை அணைத்து, பத்து நொடி விட்டு, மறுபடி ஆன். இப்படி மூன்று முறை செய்துவிட்டு நான்காவது முறை செல்ஃப் அடித்தால் வண்டி பட்டென்று எடுக்கிறதா? எடுத்தால், வழக்கு ஏறக்குறைய முடிந்தது: நின்ற நேரத்தில் அழுத்தம் வடிந்திருக்கிறது. பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் பெரும்பாலானவற்றில், பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் இதே நிலை வரும்.

வடிவதற்கு இரண்டு வழி உண்டு. பின்னால் டேங்குக்குத் திரும்பலாம். அல்லது முன்னால், மூடியிருக்க வேண்டிய இன்ஜெக்டர் ஒன்றின் முனை வழியாகச் சிலிண்டருக்குள் சொட்டலாம். இரண்டும் ‘லேட் ஸ்டார்ட்’ என்று ஒரே பெயரில்தான் பட்டறைக்கு வருகின்றன. ஆனால் வண்டி எடுக்கும் விதத்தைக் கவனித்தால் பிரித்துவிடலாம். வால்வு கசிந்தால் நேரம் எடுத்துக்கொண்டு சுத்தமாக எடுக்கும். புகை, நடுக்கம் எதுவும் இருக்காது. இன்ஜெக்டர் சொட்டினால் எடுத்த முதல் சில நொடி ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் வண்டி குலுங்கும், சைலன்ஸரில் கறுப்புப் புகையும் பெட்ரோல் வாசமும் வரும். ஸ்டார்ட் செய்யும் முன் ப்ளக்குகளைக் கழற்றினால் நான்கில் ஒன்று மட்டும் நனைந்திருக்கும். சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கியதா என்று பார்க்க இன்னொரு இலவசச் சோதனையும் உண்டு. ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டே செல்ஃப் அடித்தால், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். அப்போது வண்டி சீக்கிரம் எடுத்தால் பெட்ரோல் அதிகம் என்று பொருள்.

பழைய ஓட்டுநர்கள் பலர் இன்றும் சாவி போடும் முன் ஆக்ஸிலரேட்டரை இரண்டு மிதி மிதிப்பார்கள். கார்புரேட்டர் காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பீச்சு பெட்ரோல் உள்ளே போகும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அது வெறும் கால் பயிற்சி. ‘செல்ஃப்’ என்ற பெயரும் பழையதுதான். 1912-ஆம் ஆண்டு கெடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடி போட்டுச் சுற்ற ஆள் வேண்டாம், தானே எடுத்துக்கொள்ளும் என்பதால் வந்த பெயர் அது.

பட்டறைக்குப் போனால் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “பிரஷர் கேஜ் மாட்டிப் பாத்தீங்களாண்ணே?” கேஜை ரெயிலுக்குப் போகும் லைனில் இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு அணைக்க வேண்டும். முள் 3 பாருக்குப் பக்கத்தில் நின்று, அரை மணி நேரம் கழித்தும் கொஞ்சம்தான் இறங்கியிருந்தால் பம்பை விட்டுவிடலாம். டீ வாங்கிவருவதற்குள் சுழிக்கு வந்துவிட்டால் கசிவு உறுதி. பிறகு டேங்குப் பக்கம் லைனை அடைத்துவிட்டு இதையே திரும்பச் செய்வார்கள். இப்போது முள் நின்றால் கோளாறு டேங்குக்குள். அப்போதும் இறங்கினால் இன்ஜெக்டரில். பிளாஸ்டிக் லைனைக் குறடு போட்டு நசுக்கக் கூடாது, விரிசல் விடும். அதற்கென்று திருகு வால்வு வைத்த இணைப்பு கிடைக்கிறது. ரெயில்மேலேயே ரெகுலேட்டர் உள்ள பழைய மாடலாக இருந்தால், அதில் செருகியிருக்கும் மெல்லிய வேக்குவம் ஹோஸைப் பிடுங்கிப் பார்க்கலாம். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்திருக்கிறது.

பிரஷர் சரியாக நின்றால் அடுத்தது ஸ்கேனர். கோளாறுக் குறியீடு ஏதும் இல்லை என்று சொல்லி அதைச் சுருட்டி வைத்துவிடுவதுதான் வழக்கம். இரண்டு எண்களைப் பார்க்காமல் வைக்கக் கூடாது. ஒன்று, செல்ஃப் அடிக்கும்போது திரையில் ஆர்பிஎம் தெரிகிறதா? எஞ்சின் சுற்றியும் அங்கே பூஜ்யமே நின்றால் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, இரவெல்லாம் நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 27 டிகிரி, கூலன்ட் 75 டிகிரி என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. எஞ்சின் சூடாக இருப்பதாக நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு அது பற்றாது. சின்ன சென்சார்தான், ஆனால் இதைக் கண்டுபிடிக்காமல் பம்பையே மாற்றியவர்கள் உண்டு. கேம் சென்சார் கெட்டாலும் சில வண்டிகள் நேரம் எடுத்துக்கொண்டு எடுக்கும். அது பெரும்பாலும் எஞ்சின் விளக்கை எரியவைத்துவிடும்.

கடிதத்தில் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் திண்டுக்கல் வண்டியில் சந்தேகம் பம்பின் வால்வு மீதுதான். பல வண்டிகளில் வால்வை மட்டும் தனியாகத் தரமாட்டார்கள். பம்ப் செட்டாகவே மாற்ற வேண்டியிருக்கும். பின்சீட்டைத் தூக்கினால் மூடி தெரிகிற வண்டி என்றால் வேலை சுலபம். டேங்கைத் திறக்கும்போது பீடி, சிகரெட், செல்போன் சார்ஜர், தீப்பொறி விடும் எதுவும் பக்கத்தில் ஆகாது. வேலை முடியும்வரை, சாவியை ஆன் செய்து இரண்டு நொடி பொறுத்து அணைத்து மறுபடி திருப்பும் பழக்கத்தில் ஓட்டலாம். ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. நடுவில் அரை நிமிடம் ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால், இன்று நன்றாக இருக்கும் செல்ஃப் மோட்டார் நிஜமாகவே கழற்றும் நிலைக்கு வந்துவிடும்.

கேள்வி: எங்கள் டீசல் காரிலும் இதே தொல்லைதான். டீசல் ஃபில்டர் மாற்றிய வாரத்திலிருந்து தொடங்கியது. ஹீட்டர் ப்ளக் போயிருக்குமா?
– வாசகி, கரூர்

பதில்: ஊட்டியில் டிசம்பர் விடியற்காலை என்றால் ஹீட்டர் ப்ளக்கை முதலில் பார்க்கலாம். கரூர் வெயிலில் அதற்கு முன் பார்க்க வேண்டியது, கடைசியாகக் கை வைத்த இடம். ஃபில்டர் மூடியின் ஓ-ரிங் சரியாக உட்காராவிட்டால் டீசல் வெளியே ஒழுக வேண்டியதில்லை. இழுக்கும் பக்கம் என்பதால் காற்று உள்ளே போகும். இரவில் லைனிலிருந்த டீசல் டேங்குக்கு இறங்கிவிடும். ஃபில்டர் பக்கத்தில் கையால் அமுக்கும் ரப்பர் பம்ப் இருந்தால் காலையில் அதை அழுத்திப் பார்க்கலாம். தொளதொளவென்று இருந்து, கெட்டியாகும்வரை அமுக்கியதும் வண்டி உடனே எடுத்தால் காற்றுதான் காரணம். ஃபில்டரிலிருந்து போகும் ஹோஸில் ஒரு முழம் கண்ணாடி போன்ற டியூபை இணைத்தால் குமிழ்கள் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

காற்று இல்லை என்றால் இன்ஜெக்டர்கள். காமன் ரெயில் டீசலில், ரெயிலில் சுமார் 200 பார் ஏறும்வரை கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. தேய்ந்த இன்ஜெக்டர் தனக்கு வந்த டீசலை ரிட்டர்ன் குழாயில் விட்டுவிடுவதால் அந்த அழுத்தம் ஏற நேரமாகிறது. நான்கு ரிட்டர்ன் குழாயிலும் ஆளுக்கொரு சின்ன பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, எஞ்சினை ஐடிலில் ஓடவிடுவார்கள். மூன்றில் அடி மட்டும் நனைந்திருக்க, ஒன்று பாதிவரை நிரம்பியிருந்தால் எந்த இன்ஜெக்டரைக் கழற்றுவது என்று யாரிடமும் கேட்க வேண்டாம். நான்கையும் மாற்றச் சொல்கிற பட்டறையில் முதலில் அந்த நான்கு பாட்டிலைக் காட்டச் சொல்லலாம்.