ஆறும் புண்ணும் ஆறுதல் பெறும் மனமும்

1996இல் கிளிநொச்சியை விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவிப் பகுதிகளில் கொட்டில் போட்டுத் தங்கின. பின்னர் 2009இல் முகாம் வாழ்வு, அதன் பின் மீள்குடியேற்றம். இத்தனை அலைச்சலில் நாம் நோயை ஒதுக்கிவைத்து வேலையை முதலில் பார்க்கப் பழகிவிட்டோம். அதிலும் வெட்கப்படும் இடத்தில் வந்த நோய் என்றால் வீட்டிலும் சொல்வதில்லை. பவுத்திரம் அப்படியான ஒரு நோய். அதற்குச் சத்திரசிகிச்சை செய்தபின் உடலையும் மனத்தையும் பேணுவது எப்படி என்பதே இப்பாடம்.

பவுத்திரம் என்றால் என்ன?

மலவாயின் உட்புறத்தில் சிறு சுரப்பிகள் உள்ளன. அவற்றில் கிருமி தொற்றினால் சீழ்க்கட்டி உண்டாகும். கட்டி உடைந்தபின் உள்ளேயிருந்து வெளித்தோல் வரை குழாய்போல் ஒரு வழி எஞ்சுவதுண்டு. அதுவே பவுத்திரம். இது பாவத்தின் தண்டனை அல்ல. பிரான்சு மன்னர் 14ஆம் லூயிக்கும் 1686இல் இதற்குச் சத்திரசிகிச்சை நடந்தது. 7ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து பிரான்சுக்குச் சென்ற துறவியான புனித பியாக்கர் தோட்டக்காரரின் பாதுகாவலர். இந்நோயாளரும் அவரிடமே மன்றாடி வந்தனர். மண்ணைக் கொத்துபவருக்கும் இந்நோயைச் சுமப்பவருக்கும் ஒரே பாதுகாவலர் என்பது எமக்கு ஆறுதலே.

புண்ணை ஏன் தைப்பதில்லை?

வீட்டுக்கு வந்ததும் பலரைப் பயமுறுத்துவது திறந்த புண். வைத்தியர் அதை மறந்து விடவில்லை. வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறார். குளக்கட்டு உடைந்தால் மேலே மட்டும் மண் போட்டு மூடுவோமா? கீழே நீர் கசிந்து மீண்டும் உடைக்கும். அடியிலிருந்தே இறுக்கி வர வேண்டும். இப்புண்ணும் அடியிலிருந்தே ஆறி வரவேண்டும். இதற்குப் பலருக்கு 6 முதல் 12 வாரங்கள் செல்லும்; ஆழமானதற்கு இன்னும் கூடும். சிலருக்கு நூல் ஒன்று போட்டு விடுவார்கள். சீழ் வடிவதற்கான அந்நூலை நாமாக இழுக்கவோ வெட்டவோ கூடாது. புண் ஆறும்வரை சிறிது நீர் வடிவதும், மலம் கழிக்கும்போது சிறிது இரத்தம் படுவதும் வழமையே.

நாம் செய்ய வேண்டியவை

1. மலம் கழித்தபின் சுத்தமான இளஞ்சூட்டு நீர் நிறைந்த பேசினில் 10 முதல் 15 நிமிடம் இருத்தல். பின் மெதுவாக ஒற்றித் துடைத்து, சுத்தமான துணி வைத்தல். முன்னும் பின்னும் சவர்க்காரத்தால் கை கழுவுதல்.

2. மலம் இறுகவிடாதிருத்தல். நிறையத் தண்ணீர், தீட்டாத அரிசி, குரக்கன், கீரை, பயறு, பப்பாப்பழம் நல்லவை. பாணும் கோதுமை மாவும் மட்டும் போதா.

3. வைத்தியர் தந்த மருந்தை நேரத்துக்கு எடுத்தல். மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதையும் புண்ணில் அப்பாதிருத்தல்.

4. வைத்தியர் அனுமதிக்கும்வரை நெல்மூடை, தண்ணீர்க்குடம் தூக்காமலும், சைக்கிள், உழவு இயந்திரம் ஓட்டாமலும் இருத்தல்.

5. நீரிழிவு உள்ளவர்கள் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல். புகைத்தலை விடுதல்.

இரத்தம் நில்லாமல் போதல், காய்ச்சல், கூடிவரும் வலி அல்லது வீக்கம், சலம் போகாமை, மலத்தை அடக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வாரங்கள் கடந்தும் ஆறாவிட்டால், காசநோய் போன்ற வேறு காரணங்களையும் வைத்தியர் சோதிப்பார்.

மனத்தைப் பேணுதல்

வலிக்குப் பயந்து மலத்தை அடக்கினால் மலம் இறுகும். இறுகிய மலம் வலியைக் கூட்டும். வலி மீண்டும் பயத்தைக் கூட்டும். இச்சங்கிலியை அறுக்க வேண்டும். இரவில் "திரும்பவும் வந்துவிட்டதோ?" என்ற எண்ணம் எழும். சிலருக்குத் திரும்ப வருவது உண்மைதான். அதற்கும் வைத்தியம் உண்டு. ஆனால் ஒவ்வொரு மணிக்கும் புண்ணைத் தொட்டுப் பார்ப்பதால் அது தெரியவராது. விதைத்த நெல்லை நாள்தோறும் கிளறிப் பார்ப்பவர் யாருமில்லை. நேற்றையும் இன்றையும் ஒப்பிடாமல், சென்ற கிழமையையும் இக்கிழமையையும் ஒப்பிடுவோம். சந்தேகங்களைக் கொப்பியில் எழுதிக் கிளினிக்கில் கேட்போம். வீட்டில் ஒருவருக்காவது உண்மையைச் சொல்வோம். மெதுவாக மூச்சிழுத்து விடுவதும், அமைதியான செபமும் உடலின் இறுக்கத்தைத் தளர்த்தும்.

அயலவரின் கடமை

காலபோகம் காத்திருக்காது. கடனும் காத்திருக்காது. அதனால்தான் பலர் பத்தாம் நாளே மண்வெட்டி எடுக்கிறார்கள். "ஓய்வெடு" என்று சொல்வது எளிது. அவருடைய வயலை யார் பார்ப்பது என்பதே கேள்வி. இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே கொட்டிலையும் ஒரே உலையையும் பகிர்ந்த நாம், ஒரு போகத்துக்கு ஒருவரின் வேலையைப் பகிர முடியாதா? பெண்கள் இந்நோயை இன்னும் ஆழமாக மறைக்கிறார்கள். அவர்களின் தண்ணீர்க்குடத்தையும் விறகையும் வீட்டு ஆண்கள் சுமக்கட்டும்.

கலந்துரையாடுவதற்கு

1. எமது கிராமத்தில் வெட்கத்தால் மறைக்கப்படும் நோய்கள் எவை?

2. சத்திரசிகிச்சை செய்த ஒருவரின் வயல் வேலையை எமது சங்கம் எவ்வாறு பகிரலாம்?

3. வைத்தியசாலைக்குத் தனியே செல்ல முடியாதவருடன் யார் துணை போவது?