கடனட்டைப் புள்ளியும் வணிக வகுப்பு இருக்கையும்: கிளிவெட்டியிலிருந்து ஒரு கணக்கு

விமானத்தின் முன்பகுதியில், முழுநீளத்துக்குச் சாய்த்துப் படுக்கையாக்கிக்கொள்ளக்கூடிய இருக்கைகளைக் கொண்ட வணிக வகுப்பு, ஒரு தலைமுறைக்கு முன்புவரை பெருங்கம்பனி அதிகாரிகளுக்கும் செல்வந்தருக்கும் மட்டுமே உரியதாகக் கருதப்பட்டது. இன்றோ மாதச் சம்பளத்தில் வாழும் இளையோர் பலர் அதே இருக்கையில் பயணம் செய்து, பரிமாறப்பட்ட உணவையும் விரிக்கப்பட்ட மெத்தையையும் காணொளியாக வெளியிடுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பணமாகச் செலுத்தியது வரியையும் சில கட்டணங்களையும் மட்டுமே; எஞ்சிய விலை, கடனட்டையால் பொருள் வாங்கும்போது வங்கி வரவு வைக்கும் புள்ளிகளாலும், அவற்றை விமான நிறுவனத்துக்கு மாற்றும்போது கிடைக்கும் மைல்களாலும் ஈடுசெய்யப்படுகிறது. மைல் என்பது இங்கே தூரத்தின் அளவை அன்று. விமான நிறுவனம் தானே அச்சிட்டு, தானே பெறுமதி வைத்து, தான் விரும்பும்போது அப்பெறுமதியைக் குறைத்துக்கொள்ளவும் கூடிய ஒரு தனியார் நாணயம்.

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பிரிவில், மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ15 வீதியில், வயல்களுக்கு நடுவே அமைந்த கிளிவெட்டிக்கு இவ்விடயம் முதற்பார்வையில் அந்நியமாகவே தோன்றும். உரத்துக்கும் கூலிக்கும் கடைச் சாமானுக்கும் காசையே எண்ணிக் கொடுக்கும் ஊரில் கடனட்டை வைத்திருப்போர் ஆசிரியர், வங்கி ஊழியர், அரச உத்தியோகத்தர் போன்ற சிலரே. ஆயினும் போர்க்காலத்தில் கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் போனவர்களும், அதன் பின்னர் கட்டாருக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போனவர்களும் மூதூர்க் கரையின் ஊர்கள் பலவற்றில் உள்ளமையால், விமானப் பயணம் இவ்வூர்க் குடும்பங்களுக்குப் புதிய செய்தியன்று. ஒரே குடும்பத்தில் அண்ணன் ரொறன்ரோவிலும் தம்பி தோகாவிலும் தாய் கிளிவெட்டியிலும் இருக்கும் நிலையில், புள்ளியை யார் சேர்ப்பது, யார் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு மூன்று இடங்களிலும் மூன்று வேறு விடைகள் உள்ளன.

இம்முறையின் தொடக்கம் அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனம் 1981 மே மாதத்தில் தன் வாடிக்கையாளருக்காகத் தொடங்கிய அட்வாண்டேஜ் திட்டத்தோடு பொதுவாக இணைத்துப் பேசப்படுகிறது. அடிக்கடி பறப்பவருக்கு ஓர் இலவசப் பயணம் என்ற அளவில் இருந்த அத்திட்டம், 1987இல் சிற்றி வங்கியின் கடனட்டையோடு சேர்ந்தபோது வேறொன்றாக மாறியது: விமானமே ஏறாத ஒருவரும் மரக்கறி வாங்கி மைல் சேர்க்கலாம் என்றானது. அந்த மைலை வங்கி இலவசமாகப் பெறுவதில்லை. விமான நிறுவனத்திடம் மொத்தமாக விலைக்கு வாங்குகிறது. இவ்விற்பனை எவ்வளவு பெரியது என்பதை 2020இன் பெருந்தொற்று காட்டிக்கொடுத்தது: விமானங்கள் தரையில் நின்ற அவ்வாண்டில் யுனைற்றட் எயார்லைன்ஸ் தன் மைலேஜ் பிளஸ் திட்டத்தைப் பிணையாக வைத்துக் கடன் பெற முன்வந்தபோது, அத்திட்டத்துக்கு மட்டும் 2,000 கோடி டொலருக்கு மேல் மதிப்பிடப்பட்டது.

வங்கிக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறியாமல் புள்ளியைப் பற்றிப் பேசுவது பயனற்றது. அட்டையால் பொருள் விற்கும் கடைக்காரர் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சிறு வீதத்தை இழக்கிறார். அதில் அட்டை வழங்கிய வங்கிக்குப் போகும் பங்கு பரிமாற்றக் கட்டணம் எனப்படும். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இதனைக் கடனட்டைக்கு 0.3 சதவீதமாக மட்டுப்படுத்தியது. பிரித்தானியாவிலும் உள்நாட்டுக் கொடுப்பனவுகளுக்கு அவ்வரம்பே நிலைத்தது. கனடாவில் விசா, மாஸ்டர்கார்ட் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட சராசரி 2020 முதல் 1.4 சதவீதம். லண்டனில் உள்ள மைத்துனரைவிட ரொறன்ரோவில் உள்ள மைத்துனருக்குப் புள்ளி எளிதாகச் சேர்வதற்கும், லண்டனில் தாராளமாகப் புள்ளி தரும் அட்டைகள் அவ்வரம்புக்கு வெளியே நிற்கும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டைகளாகவே பெரும்பாலும் இருப்பதற்கும் காரணம் இதுவே. இரண்டாவது வருவாய் வட்டி. கடைக்காரர் தன் இழப்பைப் பொருளின் விலையில் ஏற்றுவதால் காசு கொடுத்து வாங்குபவரும், கடனை மாதாமாதம் தள்ளிப்போடுவதால் வட்டி கட்டுபவரும் சேர்ந்தே வணிக வகுப்பில் படுத்துச் செல்பவரின் சீட்டுக்குப் பணம் கொடுக்கின்றனர். இதனை மறைத்து இலவசப் பயணம் என்று சொல்லுவது சரியன்று.

இலங்கையில் வாழ்ந்து ரூபாயில் சம்பாதிப்பவருக்கு வட்டியே முதற்கேள்வி. கடனட்டை வட்டிக்கு மத்திய வங்கி 2020இல் 18 சதவீத உச்சவரம்பு விதித்தது. பொருளாதாரம் சரிந்த 2022இல் அவ்வரம்பு நீக்கப்பட்டபின் வட்டி 30 சதவீதத்தையும் கடந்தது. 2023 ஓகஸ்ட்டில் மீண்டும் 28 சதவீதம் என வரையறுக்கப்பட்டது. ஆண்டுக்கு 28 சதவீதம் என்றால், ஒரு இலட்சம் ரூபாய் நிலுவைக்கு மாதம் ஏறத்தாழ 2,300 ரூபாய். அதே ஒரு இலட்சத்தைச் செலவிட்டதற்குக் கிடைத்த புள்ளியின் பெறுமதியை எவ்வளவு தாராளமாக மதித்தாலும், ஓராயிரம் ரூபாயைத் தாண்டுவது அரிது. எனவே மாதக் கூற்றில் உள்ள தொகை முழுவதையும் உரிய நாளில் செலுத்த இயலாதவருக்குப் புள்ளி என்பது இலாபமே அன்று. ஆகக்குறைந்த கொடுப்பனவு என்று கூற்றில் அச்சிடப்படும் சிறு தொகையைக் கட்டினால் போதும் என்று எண்ணுவோரே வங்கிக்கு மிகவும் விருப்பமான வாடிக்கையாளர். அட்டையால் இயந்திரத்தில் காசு எடுத்தால் புள்ளி பொதுவாகச் சேராது, வட்டி மட்டும் அன்றே தொடங்கும். அட்டை என்றவுடன் இரண்டு மூன்று வீதம் கூட்டிக் கேட்கும் கடையில், காசு கையில் இருந்தால் காசைக் கொடுப்பதே கணக்குக்குச் சரி.

ஊரவர் நன்கறிந்த சீட்டுக் கட்டுதலோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். சீட்டில் போட்ட தொகையும் எடுக்கும் முறையும் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டவை. தாய்ச்சீட்டுக்காரர் இடையில் விதியை மாற்றினால் ஊரே கேட்கும். புள்ளியில் அப்படியன்று. இன்று 60,000 மைலுக்குக் கிடைக்கும் இருக்கைக்கு அடுத்த மாதம் 80,000 கேட்கப்பட்டாலும் முறையிட இடமில்லை. திட்டத்தில் சேரும்போது ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளிலேயே அவ்வுரிமை நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். ஆதலால் பல ஆண்டுகளுக்குப் புள்ளியைக் குவித்து வைப்பது சேமிப்பு ஆகாது. சிங்கப்பூர் எயார்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்கள், சேர்ந்த நாளிலிருந்து மூன்றாண்டில் காலாவதியாகின்றன. எயார் கனடாவின் ஏரோபிளான் புள்ளிகளோ, கணக்கில் 18 மாதம் எந்த அசைவும் இல்லாதபோது அழிகின்றன.

வளைகுடாவில் உழைக்கும் இளையோர் கடனட்டையே இல்லாமல் சேர்க்கக்கூடியதைச் சேர்க்காமல் விடுவது இவ்விடயத்தில் மிகப் பரவலான இழப்பு. சீட்டை வேலை கொடுத்த கம்பனி வாங்கியிருந்தாலும், மைல் பொதுவாகப் பறந்தவரின் பெயருக்கே உரியது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே மாதத்தில் வன்வேர்ல்ட் என்ற விமானக் கூட்டணியில் சேர்ந்தது. அக்கூட்டணியில் கட்டார் எயார்வேஸும் பிரிட்டிஷ் எயார்வேஸும் உள்ளன. கூட்டணி என்பது, ஒரு நிறுவனத்தின் விமானத்தில் பறந்து மற்றொன்றின் கணக்கில் மைல் சேர்க்கவும் செலவிடவும் இடமளிக்கும் உடன்பாடு. ஆகவே கட்டுநாயக்கவிலிருந்து தோகாவுக்குக் கட்டார் எயார்வேஸில் போகும் தொழிலாளி, ஸ்ரீலங்கனின் ஃபிளைஸ்மைல்ஸ் கணக்கிலேயே அப்பயணத்தைச் சேர்க்கலாம். மலிவான சீட்டுகளுக்குச் சொற்பமே சேரும் என்பதும், ஒரே பயணத்தை இரண்டு கணக்குகளில் சேர்க்க இயலாது என்பதும் உண்மை. இருந்தும் அக்கணக்கைத் தொடங்க ஒரு சதமும் செலவில்லை.

உண்மையான வாய்ப்பு கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாழும் தலைமுறையிடம் இருக்கிறது. அங்கே பெருந்தொகையான புள்ளி அன்றாடச் செலவால் சேர்வதில்லை. புதிய அட்டை பெற்று முதற் சில மாதங்களில் குறித்த தொகையைச் செலவிடுபவருக்குத் தரப்படும் வரவேற்புப் புள்ளியாலேயே சேர்கிறது. திருமண மண்டபம், சாமத்தியச் சடங்கு, வாகனக் காப்புறுதி என எப்படியும் வரவிருக்கும் பெருஞ்செலவுக்குப் பணம் கையில் இருக்கும்போது அதனை அட்டை வழியாகச் செலுத்துவது விவேகம். புள்ளிக்காக மண்டபத்தைப் பெரிதாக்குவது மடமை. ஊருக்கு அனுப்பும் பணத்தைக் கடனட்டையால் அனுப்பினால், வங்கிகள் பெரும்பாலும் அதனைக் காசு எடுத்ததாகவே கொள்ளும் என்பதால், புள்ளியும் இல்லை, கட்டணமும் உண்டு. வீட்டுக்கடன் கேட்கவிருக்கும் ஆண்டில் அடுத்தடுத்து அட்டை விண்ணப்பிப்பது கடன் மதிப்பெண்ணைத் தாழ்த்தக்கூடும் என்பதையும் இளந்தம்பதியர் நினைவில் வைத்தல் நன்று.

சேர்ந்தபின் செலவிடும் வழியில்தான் நுட்பம் உண்டு. முதலாவது விதி, இருக்கையைக் கண்டபின்னரே புள்ளியை மாற்றுவது; வங்கியிலிருந்து விமான நிறுவனத்துக்குப் போன புள்ளி திரும்பி வராது, ஆனால் புள்ளிக்கென ஒதுக்கப்படும் இருக்கைகள் ஒரு விமானத்தில் சிலவே, சில நாட்களில் ஒன்றுமே இல்லை. நல்லூர்த் திருவிழாவும் வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வரும் ஆடி, ஆவணி மாதங்களில் ஒரு குடும்பமே வணிக வகுப்பில் வர முயல்வது வீண்முயற்சி. தை, மாசியில் முதியவர் ஒருவருக்கு இடம் தேடுவது எளிது. எயார் கனடா 2020 நவம்பரில் தன் திட்டத்தைத் திருத்தியபோது, கூட்டாளி நிறுவனங்களின் எரிபொருள் மேற்கட்டணத்தைப் புள்ளிச் சீட்டிலிருந்து நீக்கிவிட்டு, சிறு முன்பதிவுக் கட்டணம் ஒன்றை மட்டும் வைத்தது. எட்டுப்பேர் வரை ஒரே குடும்பக் கணக்கில் புள்ளியைச் சேர்க்கவும் இடமளித்தது. எயார் இந்தியா 2014 முதல், எயார் கனடா அங்கம் வகிக்கும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருப்பதால், ரொறன்ரோவிலிருந்து தில்லி வழியாகக் கொழும்புக்கு அப்புள்ளியால் வரலாம். பிரித்தானியாவிலோ, அங்கிருந்து புறப்படும் பயணிக்கு அரசு விதிக்கும் விமானப் பயணி வரி உயர்வகுப்புகளுக்கு இருமடங்குக்கும் மேலாகும். கொழும்பிலிருந்து புறப்படும் திசைக்கு அவ்வரி இல்லை. ஊரிலிருந்து போகும் பயணத்தை வணிக வகுப்பிலும், லண்டனிலிருந்து திரும்பும் பயணத்தைச் சாதாரண வகுப்பிலும் வைத்துக்கொள்வோர் இக்கணக்கை அறிந்தவர்களே.

இணையத்தில் வணிக வகுப்பு என்று காட்டப்படும் பயணத்தில், கொழும்பிலிருந்து சென்னைவரை மட்டும் முன்னிருக்கையும், அதன்பின் வரும் பதினான்கு மணிநேரம் பின்னிருக்கையும் இருக்கக்கூடும். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே திறந்து பார்க்க வேண்டும். ஸ்ரீலங்கனின் ஏ330 விமானங்களில் இருக்கை படுக்கையாகும். சென்னைக்கும் மாலைதீவுக்கும் பறக்கும் சிறிய ஏ320 வகைகளில் அது சற்று அகன்ற சாய்விருக்கை மட்டுமே. இரண்டு தனித்தனிச் சீட்டுகளை இணைப்போருக்கு, முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. திருகோணமலையின் சீனன்குடாவில் ஓடுபாதை இருந்தும் அங்கிருந்து பன்னாட்டுச் சேவை இல்லாமையால், கிளிவெட்டியிலிருந்து கட்டுநாயக்கவுக்கான தரைவழிப் பயணத்தையும் இக்கணக்கில் முதற்பகுதியாகச் சேர்த்து, ஒரு நாள் முன்னதாகவே புறப்படுதல் வேண்டும்.

காணொளிகள் எட்டாயிரம் டொலர் இருக்கையை இருநூறு டொலருக்குப் பெற்றதாகப் பெருமை பேசும்போது, அந்த எட்டாயிரத்தை அவர் ஒருபோதும் கொடுத்திருக்கமாட்டார் என்பது சொல்லப்படுவதில்லை. பெற்ற பயனின் மதிப்பு, புள்ளி இல்லாதிருந்தால் அவர் தம் பையிலிருந்து கொடுத்திருக்கக்கூடிய தொகையே. இருபத்தைந்து வயதுக்காரர் ஓர் இரவு நிமிர்ந்திருந்து பறப்பதால் பெரிதாக எதையும் இழப்பதில்லை. மூட்டுவலியோடு பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் எழுபது வயதுத் தாய்க்கு அதே படுக்கை வேறு பெறுமதி உடையது. தன் கணக்கிலிருந்து தாயின் பெயருக்குச் சீட்டு எடுக்கப் பெரும்பாலான திட்டங்கள் அனுமதிக்கின்றன. சக்கரநாற்காலி உதவிக்காக வணிக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே கேட்டால் எவ்வகுப்பினருக்கும் அது இலவசம்.

முதியோர் பயணத்தில் படுக்கையைவிடவும் பயன்படுவது புள்ளிச் சீட்டின் இன்னொரு குணம். கனடாவுக்கோ பிரித்தானியாவுக்கோ விசா எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில், காசுக்கு வாங்கிய மலிவுச் சீட்டு விசா மறுக்கப்பட்டால் பெரும்பாலும் அப்படியே போய்விடும். பிரிட்டிஷ் எயார்வேஸின் ஏவியோஸ் புள்ளிச் சீட்டையோ, புறப்பட 24 மணிநேரத்துக்கு முன்வரை சிறு கட்டணத்துடன் நீக்கி, புள்ளியைக் கணக்குக்கே மீட்கலாம். சொகுசைப் பேசும் எவரும் இதனைப் பேசுவதில்லை.

புள்ளியை விலைக்கு விற்பதாகக் கூறும் தரகரிடம் வாங்கப்படும் சீட்டைத் தவிர்ப்பது கட்டாயம். ஏறத்தாழ எல்லாத் திட்டங்களும் புள்ளி விற்பனையைத் தடைசெய்துள்ளன. கண்டறியப்பட்டால் விற்றவரின் கணக்கு மூடப்படுவதோடு, வாங்கியவரின் சீட்டு விமான நிலையத்திலேயே செல்லாமற்போகும். முன்னெழுத்தோடு மட்டும் கணக்குத் தொடங்கியவருக்கு, கடவுச்சீட்டில் தந்தையின் பெயரும் தன் பெயரும் விரிவாக இருப்பதால் மைல் வரவு மறுக்கப்படுவதும் நம்மவரிடையே அடிக்கடி நிகழ்வது. கணக்கைக் கடவுச்சீட்டில் உள்ள பெயரிலேயே தொடங்குங்கள். அங்கத்துவ எண்ணை முன்பதிவின்போதே கொடுங்கள். ஏறிய விமானத்தின் போர்டிங் பாஸை, மைல் கணக்கில் வரும்வரை எறியாதீர்கள்.