பதினாறு ஏக்கரில் இருபது பேர்

திருவொற்றியூர்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய விதிமுறைகளைக் கடைசி வரி வரை படித்துவிட்டேன். நண்பர்களோடு சேர்ந்து மெய்நிகர் உலகத்தில் மனை வாங்கி, அதில் பழைய ராயபுரம் ரயில் நிலையத்தையும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தையும் எழுப்பி, கடை இடங்களை வாடகைக்கு விடும் உன் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் கிளம்பிய நிலையம் அது. அதை நம் தெருப் பிள்ளைகள் கணினியில் கட்டுவது பெருமைதான்.

நீ என்னைக் கேட்டது, விலை நியாயமா என்று மட்டும். பத்திரம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது இரண்டாவது கேள்வி. அந்த இடத்தில் என்னென்ன செய்யலாம், எத்தனை பேர் வரலாம், அந்த அளவை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் பார். நீ காசு கொடுப்பது யாரோ வைத்திருக்கும் கணினியின் உழைப்பில் ஒரு பங்குக்கு. அதன் நிஜமான எல்லை மீட்டர் கணக்கில் இல்லை. அந்தக் கணினி எவ்வளவு தாங்கும் என்பதில் இருக்கிறது.

செகண்ட் லைஃப் கதை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் திறந்த உலகம். அங்கே ஒரு வட்டாரம் 256 மீட்டருக்கு 256 மீட்டர். நம் கணக்கில் பதினாறு ஏக்கர். முழு வட்டாரத்துக்கு மாதம் 295 டாலர் வாங்கிய காலத்தில், அதே பரப்பை ‘ஓப்பன்ஸ்பேஸ்’ என்ற பெயரில் 75 டாலருக்கும் கொடுத்தார்கள். கடலாகவோ காடாகவோ விட்டுவைக்க, லேசான உபயோகத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தது. முழு வட்டாரம் ஒன்றை ஓட்டும் கணினித் திறனில் இதில் நான்கை ஓட்டினார்கள். மலிவாகக் கிடைத்ததும் ஜனங்கள் வாங்கிக் குவித்தார்கள். வீடு கட்டினார்கள், நடன அரங்கு கட்டினார்கள், உள்வாடகைக்கு விட்டார்கள். இயந்திரம் திணறியது. 2008 அக்டோபரில், இனி மாதம் 125 டாலர் என்று நிறுவனம் அறிவித்தது.

பெரிய கொந்தளிப்பு. அதன் பிறகு உயர்வைத் தவணையாக்கி, இடத்தை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். 75 டாலரிலேயே இருந்துகொள்ளலாம், ஆனால் 750 கட்டுமானத் துண்டுகளுக்கு மேல் வைக்கக் கூடாது, ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் நிற்கக் கூடாது. ‘ஹோம்ஸ்டெட்’ என்ற அடுத்த வகையில் 3,750 துண்டுகள், இருபது பேர். பதினாறு ஏக்கரில் இருபது பேர்! ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேட்டில் ஒரு கூடை வஞ்சிரம் ஏலம் போகும்போது சுற்றி நிற்கிற கூட்டமே அதைவிட அதிகம்.

இயந்திரம் தாங்கவில்லை என்பது நிஜம். அதற்காக அந்த நிறுவனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ‘லேசான உபயோகம்’ என்று எழுதிவிட்டு, எத்தனை பேர் என்ற எண்ணை எழுதாமல் கொடுத்ததுதான் வினை. மாட்டிக்கொண்டவர்கள் உன்னைப் போன்ற இடையாட்கள். கீழே குடியிருப்பவரிடம் ஒரு வாடகை பேசி முடித்திருக்க, மேலே கட்ட வேண்டியது மூன்றில் இரண்டு பங்கு கூடினால் என்ன செய்வார்கள்? உன் விதிமுறையிலும் ‘நியாயமான பயன்பாடு’ என்று ஓர் இடத்தில் வருகிறது. பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

எண்ணை முன்கூட்டியே எழுதிவைத்த உலகமும் இருக்கிறது. 2020-இல் திறந்த டிசென்ட்ராலேண்டில் மொத்தம் 90,601 மனைகள். ஒவ்வொன்றும் 16 மீட்டருக்கு 16 மீட்டர்; ஒரு கிரவுண்டுக்குச் சற்றுக் கூட வரும். ஒரு மனையில் 20 மீட்டர் உயரம் வரை கட்டலாம், 10,000 முக்கோணங்கள் வரை வைக்கலாம்; கணினியில் கட்டும் உருவமெல்லாம் முக்கோணத் துண்டுகளால் ஆனதுதான். மூன்று மனைகளைச் சேர்த்தால் உயரம் 60 மீட்டர் ஆகிவிடாது, 40 தான். மனைக்கு இவ்வளவுதான் கட்டலாம் என்று நம் சிஎம்டிஏ வைக்கும் எஃப்எஸ்ஐ மாதிரி ஒரு கணக்கு. உன் ரயில் நிலையத்துக்கு இதைப் போட்டுப் பார்: தூண் ஒன்றுக்கு 500 முக்கோணம் என்றால் இருபது தூணிலேயே ஒரு மனையின் கணக்கு தீர்ந்தது. கூரைக்கும் தண்டவாளத்துக்கும் வேறு மனை வாங்க வேண்டும்.

அந்த 90,601 என்ற எண்ணைக் காட்டித்தான் இடம் அரிது, விலை ஏறும் என்பார்கள். 2021 நவம்பரில் அங்கே ஓர் இடம் ஏறக்குறைய 24 லட்சம் டாலருக்குப் போனது. அந்த உலகத்தின் நாணயமான மானா அந்த மாதம் ஐந்து டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டு முடிவில் அரை டாலர்கூட இல்லை. திருவொற்றியூரில் மனை அரிது என்றால் கிழக்கே கடல் நிற்கிறது. மெய்நிகர் உலகத்தில் அப்படி எதுவும் நிற்கவில்லை. பக்கத்திலேயே 1,66,464 மனைகளோடு சாண்ட்பாக்ஸ் என்று இன்னோர் உலகம் கடை விரித்தது.

அளவை மாற்றும் அதிகாரம் யார் கையில் என்று கேட்டேனே, அதற்கு எண்ணூர்க் கழிமுகத்தை நினைத்துப்பார். 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் கழிமுகம் இருந்தது. பின்னால் வந்த வரைபடத்தில் அது இல்லை என்று மீனவர்களும் செயற்பாட்டாளர்களும் போராடினார்கள். காகிதத்தில் அழித்தாலும் கொசஸ்தலை ஆறு அங்கேதான் கடலைச் சேர்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணெய் கலந்த வெள்ளம் அந்தக் கழிமுகத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. இங்கே வரைபடம் பொய் சொன்னால் தண்ணீர் வந்து சாட்சி சொல்லும். நீ வாங்கப்போகும் உலகத்தில் வரைபடத்துக்கு அடியில் எதுவும் இல்லை. அதை வைத்திருப்பவர் திருத்தினால் திருத்தியதுதான் நிலம். அதனால்தான் அதிகாரம் யார் கையில் என்று கேட்கச் சொல்கிறேன்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பாய். மார்க் பிராக் என்ற அமெரிக்க வழக்கறிஞர் போனார். அவர் ஏலத்தில் இடம் எடுத்த முறை தவறு என்று சொல்லி லிண்டன் லேப் அவர் கணக்கை முடக்கியது. விதிமுறையில் இருந்த மத்தியஸ்தப் பிரிவு ஒருதலைப்பட்சமானது, செல்லாது என்று 2007-இல் நீதிமன்றம் சொன்னது. வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது. அவர் வக்கீல், அதே நாட்டுக்காரர். நீ எண்ணூரில் இருந்துகொண்டு எந்த ஊர் கோர்ட்டில் படியேறுவாய்?

நம் நாட்டு வரியையும் கணக்கில் வை. 2022 ஏப்ரலில் இருந்து மெய்நிகர் சொத்தை விற்ற லாபத்தில் 30 சதவீதம் வரி. ஒன்றில் நஷ்டம் வந்தால் இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. மனை டோக்கனாக உன் கைக்கு வந்தால் இது உனக்கும்தான்.

இதெல்லாம் உன்னைத் தடுக்க இல்லை. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் கல்யாணம் செய்த ஒரு ஜோடி, வரவேற்பை மெய்நிகர் உலகத்தில் வைத்தார்கள். மறைந்துபோன பெண்ணின் அப்பாவும் உருவமாக வந்து நின்றார். ஒரு மாலை நேரத்துக்கான இடம், அதற்குள் அவ்வளவு பெரிய காரியம். நீயும் அப்படித் தொடங்கு. ராயபுரம் மாதிரியைக் கட்டி முடி. கோப்புகளை உன் கணினியில் வைத்துக்கொள், எந்த உலகம் மூடினாலும் வேறோர் இடத்துக்குக் கொண்டு போகலாம். ஆல்ட்ஸ்பேஸ் என்ற தன் மெய்நிகர் உலகத்தை மைக்ரோசாஃப்டே 2023 மார்ச்சில் மூடிவிட்டது. பிறகு ஒரு மாதத்துக்கு மட்டும் இடம் வாடகைக்கு எடுத்து, எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் வந்ததும் படம் நின்று நின்று ஓடுகிறது என்று பார்.

மனை வாங்க உன் அம்மாவின் நகையை அடகு வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அது வேண்டாம். முதலில் மனை விற்கும் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுது: ஒரே நேரத்தில் எத்தனை பேர், எத்தனை முக்கோணம், உள்வாடகைக்கு விடலாமா, கட்டணத்தை உயர்த்தினால் எத்தனை மாதம் முன்னால் சொல்வார்கள், மூடினால் என்ன திரும்பக் கிடைக்கும். பதிலை எண்ணோடு எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்பு. அதுவரை ஒரு ரூபாயும் கட்டாதே.

அன்புடன்,
மாமா