பெண் ஆசைப்படலாமா? (படிப்பு வட்டப் பாடம்)

திருகோணமலைக்கு யாத்திரை போய் வந்த தோட்டக் குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு. கோட்டைக்குள் மேயும் மான்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, மேட்டில் ஏறி, கோணேசரைக் கும்பிட்டு, இராவணன் வெட்டில் நின்று கீழே கடலை எட்டிப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. அங்கே மரத்தில் சின்னச் சின்னத் தொட்டில்கள் தொங்குவதையும் பார்த்திருப்பீர்கள். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் கட்டியவை. அதைப் பார்த்து "இந்தப் பொம்பளைக்கு இவ்வளவு ஆசையா?" என்று யாரும் கேட்பதில்லை. நேர்த்தி என்று மரியாதையோடு விலகி நிற்கிறோம்.

அதே பெண், "நான் நின்னுபோன படிப்ப முடிக்கணும்", "நான் தோட்டக் கமிட்டிக்குத் தலைவியா வரணும்" என்று சொல்லிப் பார்க்கட்டும். லயத்தின் முதல் காம்பிராவில் சொன்னது கடைசிக் காம்பிராவுக்குப் போய்ச் சேர்வதற்குள் "அவளுக்கு ரொம்பத்தான் ஆசை" என்று பேச்சாகிவிடும். ஆசை ஒன்றுதான், ஆனால் பிள்ளைக்காக என்றால் பக்தி. தனக்காக என்றால் திமிர். இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான்.

அந்தப் பாறையின் ஓரத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. 1687 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒல்லாந்தர் காலத்துப் பெண் ஒருத்தியின் பெயர் அதில் இருக்கிறது: பிரான்சினா வான் றீட். தன்னை விட்டுவிட்டுக் காதலன் கப்பல் ஏறிவிட்டான் என்று, கப்பல் கண்ணுக்குத் தெரியும்போதே அவள் இந்தப் பாறையிலிருந்து குதித்துவிட்டாள் என்பது ஊரில் சொல்லும் கதை. கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஆனால் பழைய ஆவணங்களைப் பார்த்தவர்கள் சொல்வது வேறு: அவர் குதிக்கவில்லை, சில வருஷங்கள் கழித்து மறுபடி கல்யாணம் செய்து வாழ்ந்தார் என்கிறார்கள். முந்நூறு வருஷமாகியும் ஊர் விரும்பிச் சொல்வது செத்துப்போன பெண்ணின் கதையைத்தான். மனசைத் தேற்றிக்கொண்டு பிழைத்து வாழ்ந்தவளுக்குக் கதை இல்லை. இதைக் கொஞ்சம் யோசியுங்கள். பெண் தன்னை அழித்துக்கொண்டால்தான் நமக்கு அவள் பெரியவளாகத் தெரிகிறாளா?

அதே ஊரில் வாழ்ந்து காட்டிய பெண்களும் இருக்கிறார்கள். திருகோணமலை அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் கடற்படையின் துறைமுகம். கப்பல், கட்டளை, கணக்கு எல்லாம் ஆண்கள் கையில். இலங்கையில் எந்தப் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடையாது. அப்படிப்பட்ட 1923 இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற அம்மையார் பெண் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பாடசாலையைத் தொடங்கினார். இன்று ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி என்று நடப்பது அதுதான். நூறு வருஷம் தாண்டிவிட்டது. ஒரு சின்ன விஷயம் கவனியுங்கள். பாடசாலையின் பெயரில் சண்முகம் உண்டு, தங்கம்மா இல்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்த வாசலில் நுழையும் பிள்ளைகளிடம் இதைத் தொடங்கியது யார் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதே மண்ணில் 1929 இல் பிறந்தவர் ந. பாலேஸ்வரி. ஆசிரியை. பாடசாலைக்கும் போனார், வீட்டையும் பார்த்தார், எழுதவும் செய்தார். 1966 இல் 'சுடர்விளக்கு' நாவல் வந்தது. 1972 இல் 'பூஜைக்கு வந்த மலர்' நாவலை வீரகேசரி வெளியிட்டது. பத்துக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிவிட்டு 2014 இல் காலமானார். அடுப்பு, பிள்ளை, பாடசாலை மூன்றையும் முடித்துவிட்டுத்தான் ஒரு பெண் பேனாவை எடுக்க முடியும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எழுதும் ஆணுக்கு "எழுதிக்கிட்டு இருக்காரு, சத்தம் போடாதீங்க" என்று சொல்ல வீட்டில் ஆள் உண்டு. அவளுக்கு அதைச் சொல்வது யார்?

சரி, நம்ம மலைக்கு வருவோம். இங்கேயும் அப்படி ஒருவர் இருந்தார். கோ. நடேசய்யர் என்ற பெயர் தொழிற்சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். 1936 இலிருந்து 1947 வரை அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் உறுப்பினர். அவருடைய மனைவி மீனாட்சியம்மாளை எத்தனை பேருக்குத் தெரியும்? தோட்டத்துக்குள் சங்கக்காரர் கால் வைக்க முடியாத காலம் அது. அவர் தானே பாட்டெழுதி, கூட்டங்களில் தானே பாடி ஆட்களைத் திரட்டினார். எழுத்து வாசிக்கத் தெரியாத சனத்துக்கு நோட்டீஸ் கொடுத்து என்ன பயன்? பாட்டு மலைக்கு மலை தானாகப் போகும். 1940 இல் அந்தப் பாட்டுகள் புத்தகமாகவும் வந்தன. மேடையில் ஒரு பெண் நின்று பாடினால் அன்றைக்கு ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இருந்தும் சங்கத்தின் சரித்திரம் சொல்லும்போது அவர் "ஐயருடைய சம்சாரம்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறார்.

நமக்கு வாக்கு வந்த கதையிலும் ஒரு பெண்ணின் வாய்ச்சொல் இருக்கிறது. 1927 இல் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியது. அதிலிருந்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பெண்கள். டொனமூர் ஆணைக்குழு முன்னால் அவர்கள் போய் நின்றபோது, தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டது. அக்னஸ் த சில்வா தயங்கவில்லை. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று பதில் சொன்னார். 1931 இல் ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்கு வந்தது. தோட்ட மக்களுக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகள் இருந்தன. 1948, 1949 சட்டங்களால் அதையும் நம்மில் பெரும்பாலானவர்கள் இழந்தோம். மிச்சமிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க 2003 வரை சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

சம்பளமும் அப்படித்தான். ஒரே மலையில், ஒரே மழையில் நனைந்தும் ஆணுக்கு ஒரு நாட்சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு என்று தலைமுறை தலைமுறையாக நடந்தது. 1984 இல்தான் அது சமமாக்கப்பட்டது. அந்த வருஷம் நடந்த வேலைநிறுத்தத்தில் கொழுந்து எடுக்காமல் நின்ற கைகள் யாருடையவை? பெண்களுடையவை. கொழுந்து எடுப்பவர் பெண், நிறுப்பவர் ஆண், செக்ரோலில் பேர் போடுபவர் ஆண், சங்கத்துக்காகப் பேசுபவரும் ஆண். சந்தா கட்டுவோரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கும்போது தலைவர் நாற்காலியில் மட்டும் ஏன் ஒரு பெண்ணைக் காண்பது இவ்வளவு அரிது?

இங்கே அண்ணன்மாரிடம் ஒரு வார்த்தை. கவாத்து வெட்டு, கான் வெட்டு முடிந்து நீங்கள் மத்தியானத்தோடு வீடு வந்துவிடுகிறீர்கள். அவர் அந்தி வரைக்கும் மலையில் நிற்கிறார். வந்ததும் தண்ணீர், விறகு, பிள்ளைக் காம்பிராவில் விட்ட குழந்தை, ராச்சோறு. இதைத்தான் நாம் "எங்க அம்மா தெய்வம், தியாகி" என்று புகழ்கிறோம். புகழ்ச்சி நல்லதுதான், ஆனால் புகழ்ந்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் கூடத் தூக்காமல் இருப்பதற்கு அது நல்ல வசதியாகவும் இருக்கிறது. தியாகம் என்பது தானாக விரும்பிக் கொடுப்பது. கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு அந்தப் பெயர் பொருந்துமா?

அக்காமாரிடமும் கேட்க வேண்டும். மகள் படிப்பை நிறுத்தி, தம்பியைப் பார்க்க வீட்டில் வைத்துக்கொள்வோம் என்று முதலில் சொல்வது பல வீடுகளில் அம்மாதான். "நான் பட்டேன், அவளும் படட்டும்" என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "பொம்பளப் புள்ள, எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போறவ" என்று சொல்கிறோம். 1923 இல் திருகோணமலையிலும் இந்தப் பேச்சு இருந்திருக்கும். தங்கம்மா அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அந்தப் பாடசாலை வந்திருக்காது.

படிப்பு வட்டத்தில் செய்ய: முதலில் ஒரு தாளில் நேற்றைய நாளை மணி வாரியாக எழுதுங்கள். காலை நாலரையிலிருந்து ராத்திரி பத்து வரை, ஒரு பக்கம் கணவர் செய்தது, மறுபக்கம் மனைவி செய்தது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு சரிவராது. பிறகு பெண்கள் எல்லோருக்கும் ஒரு சின்னத் துண்டுத் தாள். பிள்ளைக்காகவோ, புருஷனுக்காகவோ, கோயிலுக்காகவோ இல்லாமல், தனக்கென்று உள்ள ஒரே ஒரு ஆசையை அதில் எழுதட்டும். பெயர் போட வேண்டாம். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, கூட்டத்தில் ஒரு ஆண் எழுந்து நின்று உரக்க வாசிக்கட்டும். போட்டு வைக்கப் பெட்டி இல்லையென்றால் கொழுந்துக் கூடை போதும்.