நெடுநாள் கிடப்பிலிருந்த படகு யந்திரத்தை ஓட்டத் தொடங்கும் முறை

உழவனுக்கு ஏர்மாடு எத்தகையதோ, கரையோரத்து மீனவனுக்குப் படகின் பின்புறத்தில் மாட்டி ஓட்டும் சிறு யந்திரமும் அத்தகையதாகும். அமெரிக்க தேசத்து மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ஆம் ஆண்டில் இவ்வகை யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டுக் கடற்கரையில் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் தேதி நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், யந்திரம் பூட்டிய பைபர் படகுகள் பல கிராமங்களுக்கு வழங்கப்பட்டன. படகு பழுதுபட்டோ, உடையவர் வேறு தொழிலுக்குச் சென்றோ, யந்திரம் பல ஆண்டுகள் கொட்டகையில் கிடக்க நேர்வதுண்டு. அதனை மீண்டும் எடுத்து ஓட்ட விரும்பும் அங்கத்தினர்கள் கைக்கொள்ள வேண்டிய முறை இங்கு கூறப்படுகிறது.

கயிற்றை இழுக்குமுன்

கிடப்பிலிருந்த யந்திரத்தைக் கண்டவுடன், "ஓடுகிறதா பார்ப்போம்" என்று கயிற்றை இழுப்பது பெரும்பாலோர் வழக்கம். பல ஆண்டுகள் கிடந்ததனால் உண்டாகாத கேடு அந்த ஒரு நிமிஷத்தில் உண்டாகிவிடக்கூடும். சிலிண்டரின் உட்சுவரில் துரு படிந்திருந்தால், எண்ணெயின்றி நகரும் பிஸ்டன் வளையங்கள் அதனைக் கீறிவிடும். தண்ணீரின்றி யந்திரம் ஓடினால், குளிர்ச்சிக்கு நீரேற்றும் பம்பின் ரப்பர்ச் சக்கரம் சில நொடிகளிலேயே தேய்ந்து கெடும். சில ரூபாயில் முடியவேண்டிய செலவு, புது யந்திரத்துக்குக் கடன் கேட்கும் நிலையில் கொண்டுபோய் விடும். ஆதலால் எண்ணெய், தண்ணீர், தீப்பொறி, எரிபொருள் ஆகிய நான்கையும் இவ்வரிசையிற் சோதித்த பின்னரே யந்திரத்தை ஓட்டுதல் வேண்டும்.

வேலை செய்யும் இடம் திறந்த வெளியாக இருத்தல் அவசியம். பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு பரவிச் சென்று தொலைவிலுள்ள நெருப்பையும் பற்றும். எனவே ஓலைக் கூரையின் கீழும், விளக்கு, அடுப்பு, பீடி இவற்றின் அருகிலும் இவ்வேலை ஆகாது. எரியும் பெட்ரோல் தண்ணீரின்மேல் மிதந்து பரவுமாதலால், அணைப்பதற்கு ஒரு வாளி மணல் அருகில் இருக்கட்டும். மூடிய அறையில் யந்திரம் ஓடினால் அதன் புகையிலுள்ள நச்சு வாயு உயிரை மாய்க்கும். அதற்கு மணமும் நிறமும் இல்லாமையால் அபாயம் தெரியவராது. வேட்டியையும் துண்டையும் இறுக்கிக் கட்டிக்கொள்ளுதலும் நன்று.

முதலாவது: எண்ணெய்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு தேக்கரண்டியளவு யந்திர எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடவேண்டும். மறுநாள், கியரை நடுநிலையில் வைத்து, மேற்புறத்துச் சக்கரத்தைக் கையாலே மெதுவாகச் சுற்றவேண்டும். யந்திரம் எத்திசையில் ஓடுமோ அத்திசையிலேயே சுற்றுக. எதிர்த்திசையிற் சுற்றினால் பம்பின் ரப்பர் இதழ்கள் மடிந்து முறியும். சுற்ற மறுத்தால் பலாத்காரம் செய்யாது, மேலும் எண்ணெய் விட்டுச் சில நாட்கள் பொறுத்திருப்பதே நலம். தடையின்றிச் சுற்றினால், பிளக் இருந்த துளையைக் கட்டைவிரலால் மூடிச் சுற்றிப் பார்க்க. விரலைக் காற்று வலுவாகத் தள்ளுதல் வேண்டும்; தள்ளாவிடில் வளையங்களோ உட்சுவரோ கெட்டிருக்கக்கூடுமாதலால், மெக்கானிக்கின் யோசனையைப் பெறாமல் மேற்செலவு செய்யலாகாது.

இரண்டாவது: கீழ்ப்பகுதியும் தண்ணீரும்

நீரினுள் மூழ்கும் கியர்ப்பெட்டியில் மேலும் கீழுமாக இரண்டு திருகுகள் உண்டு. கீழ்த்திருகைத் திறந்தால் எண்ணெய் வெளிவரும். அது பாலைப்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று அறிக. விசிறியின் பின்னால் அறுந்த வலையிழையோ தூண்டில் நரம்போ சுற்றிக்கொண்டு, எண்ணெய் காக்கும் ரப்பர் வளையத்தை அறுத்துவிடுதல் இதற்கு ஒரு காரணமாகும். ஆகையால் விசிறியைக் கழற்றிப் பார்த்து, கெட்ட வளையத்தை மாற்றியபின் புது எண்ணெய் இடவேண்டும். எண்ணெயைக் கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழியும்போது முதலில் மேல்திருகையும் பின்பு கீழ்த்திருகையும் முடுக்குக. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும்.

தண்ணீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம் நெடுநாள் ஒரே நிலையில் இருந்தால் இதழ்கள் வளைந்து விறைத்துப்போகும். பார்வைக்கு நன்றாயிருப்பினும் அதனை மாற்றிவிடுவதே சிக்கனம்.

மூன்றாவது: தீப்பொறி

விசிறியைக் கழற்றியபடியே, யந்திரத்தை உறுதியான தாங்கியில் மாட்டி, நன்னீர் நிறைந்த பீப்பாயில் நிறுத்துக. விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு முழுவதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். எரிபொருட் குழாயை இன்னும் பூட்டலாகாது. புதுப் பிளக்கை அதன் கம்பியில் மாட்டி, அதன் உலோகப் பகுதி யந்திரத்தின் மீது படும்படி, சிலிண்டர்த் துளைக்கு அகல வைத்து, மற்றொருவர் கயிற்றை இழுத்தால் நீலநிறப் பொறி தோன்றவேண்டும். நிறுத்து விசையில் மாட்டும் சிறு கயிறு அதன் இடத்தில் இல்லாவிடில் எவ்வளவு இழுத்தும் பொறி வராது. இதனை அறியாது நல்ல யந்திரத்தையும் பழுதென்று பிரித்துப் போடுவாருளர்.

நான்காவது: எரிபொருள்

பழைய பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற வண்டலாக மாறி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். தொட்டியிலுள்ளதை அப்புறப்படுத்திக் கார்புரேட்டரைக் கழற்றித் துப்புரவு செய்க. நுண்துளைகளில் கம்பியைச் செலுத்தலாகாது. துளை பெரிதானால் எரிபொருள் அளவு தவறும். 2023-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் சேர்ந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதோடு, பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கவல்லது. வெடிப்புக் கண்ட குழாயையும் அமுக்குப் பந்தையும் தயக்கமின்றி மாற்றுக.

இரண்டு ஸ்ட்ரோக் யந்திரத்தில் உராய்வைத் தடுக்கும் எண்ணெய் எரிபொருளோடு கலந்தே உள்ளே செல்கிறது. வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் இறுகிப்போகும். 50-க்கு 1 என்னும் கலவைக்கு ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லிலிட்டரும், 25-க்கு 1 என்னும் கலவைக்கு 40 மில்லிலிட்டரும் எண்ணெய் சேர்த்தல் வேண்டும். எந்த அளவு என்பதை யந்திரத்தோடு வந்த புத்தகத்தைப் பார்த்தே நிர்ணயிக்க. மண்ணெண்ணெயில் ஓடும் யந்திரத்தையும் பெட்ரோலிலேயே தொடங்கி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிவிடுக.

முதல் ஓட்டம்

பிளக்குகளைப் பூட்டி, தொட்டி மூடியின் காற்றுத் திருகைத் திறந்து, பந்து கெட்டியாகும்வரை அமுக்கி, கசிவு இல்லையென்று கண்டபின் கயிற்றை இழுக்கலாம். யந்திரம் ஓடத் தொடங்கியதும் சூடுகாட்டும் நீர்த்தாரை பின்புறத்துச் சிறு துளையிலிருந்து வருகிறதா என்பதே முதற்கவனம். அரை நிமிஷத்தில் வாராவிடில் உடனே நிறுத்திவிடவேண்டும். வந்தால், மெதுவான வேகத்தில் 10 நிமிஷம் ஓடவிடுக. உள்ளே விட்ட எண்ணெய் எரிவதால் முதலிற் புகை மிகுதியாக வரும், அதற்கு அஞ்சவேண்டுவதில்லை.

பீப்பாயில் ஓடிய யந்திரம் கடலிலும் ஓடும் என்று நம்பி அன்றே ஆழ்கடலுக்குச் செல்லுதல் கூடாது. முதல் இரண்டு மூன்று நாட்கள் கரை தெரியும் தூரத்தில், வேறொரு படகு துணைவர, துடுப்பும் நங்கூரமும் குடிநீரும் உயிர்காப்புச் சட்டையும் கொண்டே செல்லவேண்டும். கரைக்காற்றில் யந்திரம் நின்ற படகு கடலை நோக்கியே ஒதுக்கப்படும் என்பது மீனவர் அறியாததன்று.

சங்கம் செய்யத்தக்கது

இத்தனை சிரமமும் யந்திரத்தை வைக்கும்போது கவனியாததால் வருவதே. கிடப்பில் வைக்குமுன் நன்னீரில் ஓட்டி உப்பைக் கழுவி, கார்புரேட்டரிலுள்ள எரிபொருளை வடித்து, சிலிண்டரில் எண்ணெய் விட்டு, கியர் எண்ணெயை மாற்றி, யந்திரத்தை நிமிர்த்தி மாட்டி வைப்பவர்க்கு மீண்டும் தொடங்குதல் எளிது. ஒரு பீப்பாய், ஒரு தாங்கி, சில சாவிகள், யந்திரப் புத்தகம் ஒன்று ஆகியவற்றைச் சங்கமே வாங்கிப் பொதுவில் வைக்கலாம். ஒவ்வொரு யந்திரமும் எப்போது கிடப்பில் வைக்கப்பட்டது, பம்பின் ரப்பரும் கியர் எண்ணெயும் எப்போது மாற்றப்பட்டன என்பதை ஒரு பதிவேட்டில் எழுதிவந்தால், அடுத்து அதைத் திறப்பவர் இருட்டில் தடவ வேண்டியதில்லை. தனி ஒருவருக்குப் பாரமான செலவு பலர் கூடினால் இலேசாகும் என்பதே கூட்டுறவின் அடிப்படை. அது கடனுக்கு மட்டுமன்று, கருவிக்கும் பொருந்தும்.