பேனரில் லோகோ பிசிறடிக்காமல் இருக்க...

1. கணினிப் படங்கள் இரண்டு வகை. பிக்சல் எனும் சின்னச் சின்ன நிறக் கட்டங்களால் ஆனது ராஸ்டர். போனில் எடுக்கும் போட்டோவெல்லாம் இதுதான். கோடு, வளைவு, நிறம் இவற்றைக் கணக்காகக் குறித்து வைப்பது வெக்டர். ராஸ்டரை இழுத்துப் பெரிதாக்கினால் பிசிறடிக்கும். வெக்டர் விசிட்டிங் கார்டிலும் பத்தடி பேனரிலும் ஒரே மாதிரி இருக்கும்.

2. வீட்டில் மசாலாப் பொடி, ஊறுகாய் செய்து விற்பவர்கள் லோகோ போட்டு வாங்கும்போது ஜேபெக் படத்தோடு திரும்பிவிடாதீர்கள். சிடிஆர், ஏஐ, எஸ்விஜி ஆகிய வெக்டர் ஃபைல் வகைகளில் ஒன்றையும் கேளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே இதைப் பேசிவிடுவது நல்லது. சில வருஷம் கழித்துப் பெரிய போர்டு வைக்கும்போது உதவப்போவது அந்த ஃபைல்தான்.

3. டிசைனரிடம் உள்ள தமிழ் ஃபான்ட் அச்சகத்தில் இல்லையென்றால் எழுத்துகள் தாறுமாறாகிவிடும். எழுத்துகளை 'கர்வ்' ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கோரல் டிராவில் கன்ட்ரோல் க்யூ அழுத்தினால் போதும். மாற்றியபின் எழுத்துப்பிழையைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது. ஆகவே ர-ற, ன-ண எல்லாம் முதலிலேயே பாருங்கள். மாற்றாத பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

4. பிடிஎஃப் என்றாலே வெக்டர் என்று நம்ப வேண்டாம். ஜேபெக்கை உள்ளே ஒட்டியும் பிடிஎஃப் ஆக்கலாம். திரையில் 800 சதவீதம் பெரிதாக்கி, எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். படிக்கட்டு போலத் தெரிந்தால் அது ராஸ்டர்.

5. போட்டோவுக்கு ராஸ்டர்தான் சரி. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 6×4 அங்குலப் படத்துக்கு 1800×1200. தூரத்திலிருந்து பார்க்கும் பிளெக்ஸுக்கு இதைவிடக் குறைவே போதும்.

6. நினைவஞ்சலி பேனருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய பாஸ்போர்ட் சைஸ் படம்தான். அதைப் போனில் படம்பிடிக்காமல் 600 அல்லது 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மூலப்படத்தில் இல்லாத நுணுக்கம் வராது. இருப்பதாவது வீணாகாமல் கிடைக்கும்.

7. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம்.

8. பழைய லோகோவின் அச்சுப் பிரதி மட்டும்தான் இருக்கிறதா? அதை ஸ்கேன் செய்து வெக்டராக மாற்ற, இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் 'டிரேஸ் பிட்மேப்' வசதி உண்டு. ஓரிரு நிறமுள்ள எளிய படத்துக்கு நன்றாக வரும். எழுத்துகளை மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.