பள்ளிக்கூடத்தில் உளி

மகன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து வீடு திரும்புகிறான். சட்டையில் மரத்தூள் ஒட்டியிருக்கிறது. “என்னடா இது?” என்று தாய் கேட்கிறாள். “இன்றைக்குத் தச்சு வேலை வகுப்பு அம்மா” என்கிறான். தாய்க்குக் கோபம் வருகிறது. “படிக்கத்தானே அனுப்பினேன்? உளியைக் கையில் கொடுத்தார்களா?” என்கிறாள்.

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். தாராவிக்கு வந்தவர்களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் பலர். தோல் பதனிட்டார்கள். மூட்டை தூக்கினார்கள். பிள்ளைகளாவது பேனா பிடிக்கட்டும் என்று நினைத்தார்கள். அதனால் இந்தத் தாயின் கோபத்தில் நியாயம் உண்டு. அந்தக் கோபத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு.

1953-இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்தவர் ராஜாஜி. அவர் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தினமும் அரை நேரம்தான் பாடம். மீதி நேரத்தில் தாய் தந்தையரின் தொழிலைக் கற்க வேண்டும். தச்சர் மகன் தச்சு வேலை. வண்ணார் மகன் வெளுப்பு வேலை. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். பெரியார் கடுமையாக எதிர்த்தார். திராவிட முன்னேற்றக் கழகமும் எதிர்த்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

எதிர்ப்பு எதற்காக? தச்சு வேலை கேவலம் என்பதற்காக அல்ல. அப்பன் தொழில்தான் மகனுக்கு என்று பள்ளிக்கூடமே எழுதிவைக்கக் கூடாது என்பதற்காகத்தான். படிக்கும் நேரமும் அதில் பாதி பறிபோயிற்று.

மும்பையில் இது வேறு விதமாக நடந்தது. 1857-இல் டேவிட் சசூன் பெயரில் ஒரு சீர்திருத்தத் தொழிற்பள்ளி ஏற்பட்டது. தாராவியை அடுத்த மாகிமில் இந்தப் பெயரைப் பலரும் அறிவார்கள். குற்றம் செய்து பிடிபட்ட சிறுவர்களுக்கு அங்கே மரவேலை போன்ற தொழில்களைக் கற்றுக் கொடுத்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால், ‘கெட்டுப்போன பிள்ளைக்குத்தான் கைத்தொழில்’ என்ற எண்ணம் ஊரில் வளர இத்தகைய பள்ளிகளும் காரணமாயின.

பக்கத்திலேயே மாட்டுங்காவில் இன்னொரு நிறுவனம் இருக்கிறது. 1887-இல் விக்டோரியா அரசியின் பெயரில் பைகுல்லாவில் தொடங்கியது. 1923-இல் மாட்டுங்காவுக்கு வந்தது. 1997 முதல் அதன் பெயர் வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம். வி.ஜே.டி.ஐ. என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே படிப்பவர்கள் பொறியாளர் ஆகிறார்கள். பொறியியல் படிப்பில் நெடுங்காலமாகவே பணிமனைப் பாடம் உண்டு. மரத்தை அறுத்து, இழைத்து, பொருத்திக் காட்ட வேண்டும். அந்த மாணவர்களை யாரும் தச்சர் என்று சொன்னதில்லை! உளி ஒன்றுதான். பிடிப்பவர் யார் என்பதைப் பார்த்து ஊர் மரியாதையை மாற்றிக்கொண்டது.

வகுப்பில் என்ன நடக்கிறது?

முதல் நாளே மேசை செய்யச் சொல்ல மாட்டார்கள். முதல் பாடம் அளப்பது. பார்ப்பதற்கு எளிது. ஆனால் அதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

120 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பலகை இருக்கிறது. அதிலிருந்து 30 சென்டிமீட்டர் அளவில் நாலு தட்டுகள் வேண்டும். மாணவன் 30, 60, 90 என்று கோடு போடுகிறான். கோட்டின் மேலேயே அறுக்கிறான். முடிவில் நாலு துண்டுகளும் சரியான அளவில் இல்லை. ஏன்? ரம்பம் போகும் வழியில் மரம் தூளாகிறது. அந்த வழி 2 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை அறுத்தால் 6 மில்லிமீட்டர் போய்விடும். முதல் மூன்று துண்டுகளைச் சரியாக எடுத்தால், நாலாவது துண்டு 29.4 சென்டிமீட்டர்தான் இருக்கும். தூளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் இப்படித் தூள் கொட்டுவதில்லை.

அடுத்தது மூலை. சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியில் ஒரு புள்ளி வையுங்கள். மறு பக்கம் 4 அடியில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே நூல் பிடியுங்கள். சரியாக 5 அடி இருந்தால் மூலை சரி. கூடினாலும் குறைந்தாலும் மூலை கோணல். உங்கள் வீட்டுச் சுவர் மூலையிலும் இதைச் செய்து பார்க்கலாம். பிதாகரஸ் தேற்றம் என்று பள்ளியில் படிப்பது இதைத்தான். கரும்பலகையில் புரியாத பிள்ளைக்கு நூலைப் பிடித்ததும் புரிந்துவிடுவது உண்டு.

பிறகு மரத்தைப் பற்றிய பாடம். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. ஜூலையில் கதவு சிக்கும், மூட முடியாது. மரம் ஈரத்தைக் குடித்து அகலத்தில் உப்புகிறது. நீளத்தில் அநேகமாக மாறுவதில்லை. அவசரப்பட்டு அப்போதே நிறைய இழைத்துவிட்டால், மழை போய் மரம் காய்ந்ததும் கதவில் சந்து விழும். இதை அறிந்தவர் கொஞ்சமாக இழைப்பார், அல்லது பொறுத்திருப்பார்.

கருவிகளின் பெயர்களையும் இரண்டு விதமாகப் பழக வேண்டியிருக்கிறது. நாம் இழைப்புளி என்போம். மும்பைப் பட்டறையில் ‘ரந்தா’. நம் ரம்பம் அங்கே ‘கரவத்’. உளி ‘பட்டாசி’. மூலைமட்டம் ‘குனியா’.

உளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மழுங்கிய உளிதான் அதிக ஆபத்து. அது மரத்தில் இறங்காது. பிள்ளை பலம் கொண்டு அழுத்துவான். உளி வழுக்கும். அதனால் தீட்டக் கற்றுக்கொடுத்த பிறகே வெட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். இரண்டு கைகளும் உளியின் வாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும். மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் வெட்டவே கூடாது. பிடிப்பானில் இறுக்கிவிட வேண்டும். ஓர் ஆசிரியர் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? மின்சார ரம்பம் யார் கையில் இருக்கிறது?

எல்லோருக்கும் ஒரே பாடம்

ஸ்வீடன் நாட்டில் ஓட்டோ சலமோன் என்ற ஆசிரியர் 1870-களில் நாஸ் என்ற ஊரில் ஆசிரியர்களுக்கு மரவேலை கற்பித்தார். பிள்ளைகளைத் தச்சராக்குவது அவர் நோக்கமல்ல. கையும் கண்ணும் மூளையும் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும் என்றார். வீட்டுக்கு உதவும் ஒரு பொருளையே பிள்ளை செய்ய வேண்டும் என்றும் சொன்னார். ஸ்வீடன் பள்ளிகளில் இன்றும் ஆணும் பெண்ணும் கைவேலை கற்கிறார்கள்.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் மரவேலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லா மாணவரும் இதுபோன்ற தொழில்களைச் செய்து பார்க்க வேண்டும் என்கிறது. ‘எல்லா மாணவரும்’ என்பதைக் கவனியுங்கள். மாணவிகளும் இதில் அடக்கம். சில பிள்ளைகளை மட்டும் பிரித்து, “நீ படிப்புக்கு லாயக்கில்லை, பட்டறைக்குப் போ” என்று ஒரு பள்ளி சொன்னால், தாய் கோபப்படுவது சரிதான். கணக்கும் மொழியும் குறையாமல், எல்லோருக்கும் உளியைக் கொடுத்தால் கோபத்துக்கு இடமில்லை.

தொழிலாகவே கற்க விரும்பினால்

சில பிள்ளைகளுக்கு மரத்தின் மேல் உண்மையாகவே ஆசை பிறக்கும். அவர்களுக்கு ஐ.டி.ஐ. இருக்கிறது. 1950-இல் தொடங்கிய பயிற்சித் திட்டம் அது. எட்டாம் வகுப்பு தேறியவர்கள் மரவேலைப் பிரிவில் சேரலாம். பயிற்சி ஓர் ஆண்டு. குர்லா, முலுண்ட் போன்ற இடங்களில் ஐ.டி.ஐ. உண்டு. எல்லா நிலையத்திலும் எல்லாப் பிரிவும் இருக்காது. விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். முடிந்தால் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டுச் சேர்வது நல்லது. பிறகு மேலே படிக்கும் வழி அடைபடாது.

நிறுவனத்தில் பழகுநராகவும் சேரலாம். அதற்கு 1961-ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டம் இருக்கிறது. 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆபத்தான தொழிலானால் 18 வயது நிறைய வேண்டும். பழகுநருக்கு மாதந்தோறும் உதவித்தொகை தர வேண்டும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கும். 18 வயது ஆகாத பிள்ளைக்காகத் தாயோ தந்தையோ காப்பாளரோ அதில் கையெழுத்திட வேண்டும். முன்பு பலர் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார்கள். இப்போது நீங்களே எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். பயிற்சி எத்தனை மாதம், உதவித்தொகை எவ்வளவு, தினமும் எத்தனை மணி நேரம், பயிற்சி முடிந்தால் வேலை தருவதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தெரிந்தவரை வரி வரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நகல் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.